சாவிக் கொத்தும் பழைய காரும்

இடுப்பில் சாவிக் கொத்து தொங்கினால்தான் வீட்டுக்கு எஜமானி என்று நம் வீடுகளில் ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. மாமியார் அதைக் கழற்றி மருமகளிடம் கொடுக்கிற நாள் பட்டாபிஷேகத்துக்குச் சமானம். இப்போது இடுப்பு போய்க் கைப்பை வந்துவிட்டது. ஆனால் கொத்து மட்டும் இளைக்கவே இல்லை. வாசற்கதவுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் மேஜைச் சாவி, பாங்க் லாக்கர் சாவி, எந்தப் பூட்டுக்கு என்று வீட்டில் யாருக்குமே ஞாபகமில்லாத இரண்டு சாவிகள், திருப்பதியில் வாங்கிய பெருமாள் டாலர், குழந்தை பள்ளிக்கூடத்தில் கோத்துக்கொண்டு வந்த பாசிமணிச் சரம் - இத்தனையோடும் சேர்ந்து கார்ச் சாவியும் தொங்குகிறது.

அந்தக் கொத்தை ஒரு தடவை கையில் எடுத்துப் பாரம் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். இந்த வாரம் சொல்லப் போகிற விஷயத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

செகண்ட் ஹாண்டில் ஒரு சின்னக் கார் வாங்கலாம் என்று எத்தனையோ வீடுகளில் பேச்சு நடக்கிறது. வண்டி பார்க்கப் போகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? பெயிண்ட் பளபளக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, ஏ.ஸி. குளிர்கிறதா, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது - இவ்வளவுதான். கூடப் போகிற மாமா டயரைக் காலால் ஓர் உதை உதைத்துப் பார்ப்பார். அப்படி உதைத்தால் என்ன தெரியும் என்று நான் கேட்டதுண்டு. இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. இவர்கள் யாரும் கேட்காமல் விட்டுவிடுகிற ஒரு கேள்வி இருக்கிறது: "இந்த வண்டியை எப்போதாவது கம்பெனி திரும்ப அழைத்ததா? அழைத்தபோது போய் வந்ததா?"

வண்டியை விற்ற பிறகு அதில் ஒரு பழுது இருப்பதாகக் கம்பெனி கண்டுபிடித்து, "கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று கூப்பிடுவதைத்தான் 'ரீகால்' என்கிறார்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது அல்லவா? அந்தக் கூப்பாடு பத்து வருஷம் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் ஓடிய ஒரு சின்னக் காரின் சரித்திரம் சொல்கிறது.

காரின் பெயர் செவர்லே கோபால்ட். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. ஓஹையோ மாநிலத்தில் லார்ட்ஸ்டவுன் என்கிற ஊரின் தொழிற்சாலையில் 2005-ம் வருஷ மாடலிலிருந்து 2010-ம் வருஷ மாடல் வரை செய்தார்கள். விலை சரசம், பெட்ரோலும் அதிகம் குடிக்காது. அங்கே பதினாறு வயதிலேயே கார் ஓட்ட லைசென்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஆகையால் காலேஜுக்குப் போகிற பெண்ணுக்கோ, முதல் வேலையில் சேர்ந்த பையனுக்கோ அப்பாவும் அம்மாவும் பார்த்து வாங்கிக் கொடுக்கிற வண்டியாக அது இருந்தது. இரண்டு மூன்று வருஷம் போனதும் செகண்ட் ஹாண்ட் சந்தைக்கு வந்து இன்னும் மலிவாகக் கிடைத்தது. பெற்றவர்கள் 'பாவம், ஜாக்கிரதையாக இருக்கட்டும்' என்று பார்த்துத்தான் வாங்கினார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காரில் சாவி போட்டுத் திருப்புகிற சுவிட்ச் இருக்கிறதே, அதற்குள் ஒரு சின்ன ஊசியும் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு சுருள்வில்லும் உண்டு. பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றினால் உள்ளேயிருந்து துள்ளி விழுமே, அந்த மாதிரிச் சுருள். பழைய ரேடியோவின் குமிழைத் திருப்பும்போது ஒவ்வோர் இடத்திலும் 'டக், டக்' என்று நிற்குமல்லவா? அப்படி நிற்க வைப்பதுதான் இந்த ஊசியின் உத்தியோகம். ஓட்டம் என்கிற இடத்தில் சாவி நின்றால் அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கோபால்ட்டில் இருந்த சுருளுக்கு அந்தத் திராணி இல்லை. பாரமான கொத்து தொங்கி, சாலையில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தாலோ, ஓட்டுகிறவரின் முழங்கால் சாவியில் பட்டாலோ, சாவி ஓட்டத்திலிருந்து நழுவி முந்திய இடத்துக்கு வந்துவிடும். பாட்டுப் பெட்டி மட்டும் பாடுகிற இடம் அது.

அந்த இடத்துக்கு வந்தால் இஞ்சின் அணைந்துவிடும். அத்தோடு போனால் பரவாயில்லை. ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப உதவுகிற மின்சாரம் நின்று, சக்கரம் கல்லாய்க் கனக்கும். பிரேக்குக்கு இஞ்சின் கொடுக்கிற ஒத்தாசையும் நின்றுபோகும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, மோதினால் விரிந்து முகத்தையும் மார்பையும் காக்க வேண்டிய காற்றுப் பை இருக்கிறதே, ஏர்பேக், அது விரியாது. வண்டி நின்றிருக்கிறது, யாரும் ஓட்டவில்லை என்று அதற்கு அர்த்தம் ஆகிவிடுகிறது. எந்த நிமிஷத்துக்காக அந்தப் பையை வைத்தார்களோ அந்த நிமிஷத்தில் அது தூங்கிவிடும்!

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாவியின் தலையில் வளையம் கோக்கிற துவாரம் உருண்டையாக இல்லாமல் நீளப் பிளவாக இருந்தது. வளையம் பிளவின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டால் இழுப்பு ஜாஸ்தியாகும். கதவைக் கீல் பக்கத்தில் தள்ளினால் நகராது, விளிம்பில் தள்ளினால் சுண்டுவிரலுக்கே நகரும், அதே நியாயம்தான்.

சரி, இது கம்பெனிக்கு எப்போது தெரிந்தது? இங்கேதான் மனசு கொதிக்கிறது. சுவிட்சைச் செய்து கொடுத்தது டெல்ஃபை என்கிற உதிரிப் பாகக் கம்பெனி. ஜெனரல் மோட்டார்ஸ் தானே வகுத்த அளவுக்குச் சுருளின் அழுத்தம் எட்டவில்லை என்று தெரிந்திருந்தும் 2002-ல் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட இஞ்சினீயரே வெறுத்துப்போய் ஒரு கடிதத்தில் அதை 'நரகத்திலிருந்து வந்த சுவிட்ச்' என்று எழுதியிருக்கிறார். 2004-ல் கோபால்ட் சந்தைக்கு வருகிற சமயம், கம்பெனி ஆள் ஒருவரே ஓட்டிப் பார்க்கும்போது சாவியில் இடித்ததும் வண்டி அணைந்தது. விசாரணை ஆரம்பித்தார்கள். மாற்றச் செலவாகும், நாள் பிடிக்கும், வியாபாரத்துக்குக் கட்டாது என்று 2005-ல் ஃபைலை மூடினார்கள். அந்த வருஷமே சில பத்திரிகைக்காரர்கள் வண்டியை ஓட்டிப் பார்த்து, ஓடும்போதே அணைகிறது என்று எழுதினார்கள். அணைந்தாலும் வண்டியைச் சமாளிக்கலாம் என்பது கம்பெனியின் பதில்.

2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று. அதைப் படித்தால் நம்மைப் போன்றவர்களுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். ஓட்டுகிறவர் குள்ளமானவராக இருந்து, சாவிக் கொத்தும் பாரமாக இருந்தால் வண்டி அணையக்கூடும். தேவையில்லாத சாமான்களைக் கொத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். குள்ளமானவர் என்றால் யார்? ஆசனத்தை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்கால் சாவிக்கு அருகில் வர உட்காருகிறவர்கள். பச்சையாகச் சொன்னால் பெரும்பாலும் பெண்கள். ஆக, குற்றம் சுவிட்சில் இல்லை. நம் முழங்காலிலும் கைப்பையிலும்தான்! புகார் சொல்லி வந்தவர்களுக்குச் சாவித் துவாரத்தைச் சிறிதாக்குகிற ஒரு சின்ன அடைப்பு கொடுத்தார்கள். அதைப் பெற்றுக்கொண்ட வாடிக்கையாளர்கள் 474 பேர். ஓடிக்கொண்டிருந்த வண்டிகளோ லட்சக்கணக்கில்.

கம்பெனியின் புத்தகத்தில் இந்தப் புகார் எந்தத் தலைப்பின் கீழ் இருந்தது தெரியுமா? 'பாதுகாப்பு' என்பதன் கீழ் அல்ல. 'வாடிக்கையாளர் சௌகரியம்' என்பதன் கீழ்! ஆசனத்தில் மெத்தை போதவில்லை, கோப்பை வைக்க இடமில்லை என்கிற வரிசையில் இதுவும் ஒன்று. ஓடுகிற வண்டி அணைந்தால் காற்றுப் பையும் அணைந்துவிடும் என்கிற இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டியவர்கள் வருஷக்கணக்காகப் போடவில்லை. அதனால் வந்த அனர்த்தம் அத்தனையும்.

2006-ல் சத்தமில்லாமல் ஒரு காரியம் நடந்தது. சுவிட்சுக்குள் இருந்த ஊசியைச் சற்று நீளமாக்கிச் சுருளைப் பலப்படுத்தினார்கள். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஆனால் பாகத்தின் நம்பரை மாற்றவில்லை. சமையலறையில் நாமே அறிந்த விஷயம்தானே? ஜாடியில் இருந்த பழைய மிளகாய்ப் பொடியைக் கொட்டிவிட்டுப் புதுப் பொடி போட்டு, மேலே ஒட்டிய சீட்டை மாற்றாமல் வைத்தால் எது பழசு, எது புதுசு என்று அப்புறம் யாருக்குத் தெரியும்? அப்படித்தான் ஆயிற்று. பிற்பாடு விபத்துகளை ஆராய்ந்த கம்பெனி இஞ்சினீயர்களே, முந்திய வருஷத்து வண்டிகளில் மட்டும் இந்தக் கோளாறு ஏன் வருகிறது, பிந்தியதில் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது கம்பெனிக்குள் அல்ல. ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம் பெண் கோபால்ட் வைத்திருந்தாள். ஒரு நாள் ஓட்டத்திலேயே வண்டி அணைந்தது. தைரியமாக ஓரம் கட்டி, டீலரிடம் கொண்டுபோய் விட்டாள். பார்த்தாயிற்று என்று திருப்பிக் கொடுத்தார்கள். அப்படித் திரும்பி வந்த வண்டியில் போகும்போதுதான், 2010-ல், விபத்தில் இறந்துபோனாள். 'எங்கள் பெண் அஜாக்கிரதையாக ஓட்டுகிறவள் இல்லை' என்று பெற்றவர்கள் விடாப்பிடியாக இருந்தார்கள். வழக்குப் போட்டார்கள். மோதுவதற்கு முந்திய விநாடிகளைக் குறித்து வைக்கிற பெட்டி ஒன்று வண்டியில் உண்டு. அதைப் படித்துப் பார்த்தால், மோதியபோது சாவி ஓட்டத்தில் இல்லை, நழுவியிருந்தது என்று தெரிந்தது. அவர்கள் தரப்பு வல்லுநர் இரண்டு காலத்துச் சுவிட்சுகளை வாங்கிப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நம்பர் ஒன்றுதான், உள்ளே ஊசி மட்டும் வேறு. ஒரு பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடங்கள் எல்லாம் காணாததை, பெண்ணைப் பறிகொடுத்த ஒரு தகப்பனாரும் தாயாரும் காண வைத்தார்கள்.

பிறகுதான் 2014 பிப்ரவரியில் ரீகால் ஆரம்பமாயிற்று. முதலில் கோபால்ட்டும் இன்னொரு மாடலும். இரண்டே வாரத்தில் இன்னும் சில சின்னக் கார்கள். மார்ச் மாதக் கடைசியில் மொத்தம் 26 லட்சம் வண்டிகளைத் தொட்டுவிட்டது. இந்த மார்ச் மாதச் சேர்க்கையைச் செகண்ட் ஹாண்ட் வண்டி வாங்குகிறவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அது 2008-க்குப் பிற்பட்ட வண்டிகளையும் இழுத்துக்கொண்டது. அவை தொழிற்சாலையிலிருந்து நல்ல சுவிட்சோடு வந்தவைதாம். ஆனால் நம்பர் ஒன்றாகவே இருந்ததால், ரிப்பேருக்குப் போன இடத்தில் அலமாரியில் மிஞ்சிக் கிடந்த பழைய சுவிட்சை எடுத்து மாட்டியிருக்கக்கூடும். பிறக்கும்போது ஆரோக்கியமாயிருந்த வண்டிக்கு வைத்தியசாலையில் வியாதி தொற்றிய கதை. வண்டி எந்த வருஷத்தது என்று கேட்டுத் திருப்திப்பட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

ஜெனரல் மோட்டார்ஸின் தலைமைப் பீடத்தில் அப்போது உட்கார்ந்திருந்தவர் ஒரு பெண்மணி. மேரி பாரா. பதினெட்டாவது வயதில் அதே கம்பெனியில் காலெடுத்து வைத்து, இஞ்சினீயராக உயர்ந்து, 2014 ஜனவரியில் பதவி ஏற்றவர். ஏற்று மூன்றே மாதத்தில், ஏப்ரல் 1-ந் தேதி, அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி முன்னால் நின்றார். இறந்த குழந்தைகளின் புகைப்படங்களோடு குடும்பத்தார் வந்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்தச் சுவிட்சை ஒழுங்காகச் செய்ய எவ்வளவு ஆகியிருக்கும் என்று கமிட்டிக்குக் கிடைத்த காகிதங்களில் ஒரு கணக்கு இருந்தது: 57 சென்ட். ஒரு டாலரில் பாதிக்குச் சற்றே மேல். வண்டி ஒன்றுக்கு நம் ஊரில் ஒரு டம்ளர் காப்பிக் காசு.

கம்பெனியே ஏற்படுத்திய விசாரணையின் அறிக்கை 2014 ஜூனில் வெளியாயிற்று. பதினைந்து பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த அறிக்கையில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு பகுதி உண்டு. அந்தக் கம்பெனியில் 'தலையாட்டல்' என்று ஒரு சம்பிரதாயமாம். கூட்டம் கூடும், இதைச் செய்தாக வேண்டும் என்று எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், வெளியே வந்ததும் ஒருவரும் செய்யமாட்டார்கள். தஞ்சாவூர்ப் பொம்மைக்கு அந்த ஊரில் உத்தியோகம் நிச்சயம்! இன்னொரு சம்பிரதாயத்துக்கு 'சல்யூட்' என்று பெயர். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு இரண்டு விரல்களால் வலது பக்கத்தாரையும் இடது பக்கத்தாரையும் சுட்டுவது - 'என் பொறுப்பல்ல, அவர் பொறுப்பு' என்று. இதைச் சிரித்துவிட்டுப் போகலாம் போலிருக்கிறது. ஆனால் நஷ்டஈடு கொடுக்க ஏற்பட்ட நிதிக்கு வந்த 4,343 மனுக்களை அலசி ஒப்புக்கொண்ட கணக்கு இது: இறந்தவர்கள் 124, காயம்பட்டவர்கள் 275. ஆரம்பத்தில் கம்பெனி சொன்னது பதின்மூன்று. 2015-ல் அரசாங்கத்தோடு வழக்கைத் தீர்த்துக்கொள்ளக் கட்டியது மட்டும் 90 கோடி டாலர்.

கோபால்ட்டுக்கு வேறு நோய்களும் இருந்தன; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்குக்கு உதவுகிற மோட்டார் திடீரென்று ஓய்ந்துவிடுவதாக 2010-லேயே ஒரு ரீகால். வெயில் கொளுத்துகிற மாநிலங்களில் பெட்ரோல் பம்பின் பிளாஸ்டிக் குழாய் வெடித்துக் கசிவதாக ஒன்று. சாவியை அணைக்காமலே உருவி எடுத்துவிடலாம் என்று 2014 ஏப்ரலில் இன்னொன்று. ஒரே வண்டிக்கு இத்தனை அழைப்பு! முதல் சொந்தக்காரருக்கு ஒன்று, இரண்டாமவருக்கு ஒன்று, மூன்றாமவருக்கு ஒன்று என்று கடிதங்கள் போயிருக்கும். யார் எதற்குப் போனார்கள், எதைக் குப்பைக் கூடையில் போட்டார்கள் என்பது வண்டியின் முகத்தில் எழுதியிருக்காது.

விற்கிறவர்கள் சொல்லவேண்டாமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் புது வண்டியை ரீகால் பாக்கியோடு விற்கக் கூடாது என்று சட்டம் உண்டு. வாடகைக் கார்களுக்கும் 2015-ல் சட்டம் வந்தது. 2004-ல் இரண்டு பெண்களை ஒரே விபத்தில் இழந்த ஒரு தாயார் வருஷக்கணக்காக அலைந்து வாங்கிக் கொடுத்த சட்டம் அது; அந்தப் பெண்களின் பெயராலேயே வழங்குகிறது. அவர்கள் வாடகைக்கு எடுத்த வண்டிக்கு ரீகால் வந்திருந்தது. கம்பெனி செய்யாமலே வாடகைக்கு விட்டுவிட்டது. ஆனால் செகண்ட் ஹாண்ட் வண்டி விற்கிறவரைத் தடுக்க அந்தத் தேசத்தில் பொதுச் சட்டம் இல்லை. 'நாங்கள் 172 இடங்களைச் சோதித்துச் சான்று கொடுத்த பழைய வண்டி' என்று ஜெனரல் மோட்டார்ஸே விளம்பரம் செய்தது. அப்படிச் சான்று பெற்றவற்றுள் சாவிச் சுவிட்ச் ரீகால் பாக்கியிருந்த வண்டிகளும் இருந்தன என்று அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2016-ல் பிடித்தது. நூற்றெழுபத்திரண்டு இடம் பார்த்தவர்கள் நூற்றெழுபத்துமூன்றாவது இடத்தைப் பார்க்கவில்லை!

கோபால்ட் நம் தேசத்தில் விற்கப்படவில்லை. அதனால் நமக்கு நிம்மதி என்று நினைக்க வேண்டாம். ரீகால் இங்கேயும் நடக்கிறது. மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் 2012-ல் தானாகவே ஒரு ஒழுங்கு வகுத்துக்கொண்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, கம்பெனி அசைந்து கொடுக்காவிட்டால் அரசாங்கமே வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி உத்தரவிடலாம் என்று வைத்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்தன. நம் தெருக்களில் எங்கு பார்த்தாலும் ஓடுகிற வண்டிகளையே எடுத்துக்கொள்ளுங்களேன். 2020 ஜூலையில் பெட்ரோல் பம்பில் சந்தேகம் என்று மாருதி கம்பெனி 56,663 வேகன்-ஆர்களையும் 78,222 பெலினோக்களையும் அழைத்தது. 2018 நவம்பர் நடுவிலிருந்து 2019 நவம்பர் ஆரம்பம் வரை செய்த வண்டிகள் அவை. பெட்ரோல் பம்ப் நின்றால் ஓடுகிற இஞ்சினும் நிற்கும். இன்றைக்குச் செகண்ட் ஹாண்டில் வேகன்-ஆரும் பெலினோவும் பார்க்கிறவர்கள் முன்னால் அந்த வண்டிகளில் ஒன்று நிற்கலாம். பம்ப் மாற்றியாயிற்றா? ஓட்டிப் பார்த்தால் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கு ஆகிற செலவு ஒன்றுமில்லை. ஆர்.ஸி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர் என்று எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் தங்கள் இணையப் பக்கத்தில் அந்த நம்பரைப் போட்டால் ரீகால் உண்டா இல்லையா என்று சொல்லுகின்றன. அது சிரமமாயிருந்தால் அந்தக் கம்பெனியின் அதிகார பூர்வமான சர்வீஸ் நிலையத்துக்கு நேரே போய், நம்பரைக் காட்டி, "இதற்கு ஏதாவது ரீகால் பாக்கி இருக்கிறதா? முன்பு செய்த சர்வீஸ் விவரமும் வேண்டும்" என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு கேளுங்கள். விற்கிறவர் நம்பர் கொடுக்கத் தயங்கினால் அந்த வண்டியை அவரே வைத்துக்கொள்ளட்டும். பாக்கி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ரீகால் வண்டியைச் சேர்ந்தது. முதல் சொந்தக்காரரைச் சேர்ந்தது அல்ல. மூன்றாவது கையாக நீங்கள் வாங்கினாலும் இலவசமாகச் செய்து தர வேண்டியதுதான்.

வாங்கிய பிறகு அதே சர்வீஸ் நிலையத்தில் உங்கள் விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும் பதிந்துவிடுங்கள். தெருக்கோடி மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கைராசிக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் கம்பெனியின் கணக்கில் அந்த வண்டி இன்னும் பழைய சொந்தக்காரர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அழைப்பு அங்கேதான் போகும்.

சாவி போட்டுத் திருப்புகிற பழைய வண்டியானால் இன்னொரு சோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, கியரை நடுவில் வைத்து, இஞ்சின் ஓடும்போது சாவியை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். தொட்டதும் அணைகிற சுவிட்சை மாற்றச் சொல்லுங்கள். கார்ச் சாவியைக் கொத்திலிருந்து பிரித்துத் தனி வளையத்தில் போடுங்கள். பெருமாள் டாலர் கைப்பைக்குள்ளேயே இருக்கட்டும், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஓடும்போது வண்டி அணைந்தே போனால்? முதலில் கையைச் சக்கரத்திலிருந்து எடுக்காதீர்கள். கனமாக இருக்கும், ஆனாலும் இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும். பிரேக்கை விட்டு விட்டு அமுக்கக் கூடாது. மிச்சமிருக்கிற ஒத்தாசை ஓரிரண்டு அமுக்கலுக்குத்தான் வரும். ஒரே அமுக்காக, முழு பலத்தோடு அமுக்கிப் பிடித்து, ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பதற்றத்தில் சாவியைக் கடைசி வரை அணைத்து உருவிவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதைச் செய்யவே கூடாது. வண்டி நின்ற பிறகு மறுபடி கிளப்பிக்கொள்ளலாம். கிளம்பிவிட்டது என்று அப்படியே மறந்துவிடாமல், எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன வேகத்தில் அணைந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். "நீங்கள் கிளட்ச்சைச் சரியாக விட்டிருக்கமாட்டீர்கள், அம்மா" என்று அங்கே யாராவது சிரித்தால், சிரிக்கட்டும். எழுதியதை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. நீங்கள் முன்பே விற்றுவிட்ட காருக்கு, 'வண்டியைக் கொண்டு வாருங்கள்' என்று உங்கள் பேருக்கே கடிதமோ டெலிபோன் செய்தியோ வரும். 'நம்முடையது இல்லையே' என்று கிழித்துப் போடத்தான் கை போகும். வாங்கிக்கொண்டு போனவரின் நம்பர் உங்கள் டைரியில் எங்கேயாவது இருக்கும். தேடிப் பிடித்து, அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.